பள்ளிக்கூடத்தில் சரக்கு விளம்பரம் ஆகுமா?



ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, ஆண்டு மலர் என்று வரும்போது பள்ளிக்கூடத்து நன்கொடைக் கடிதமும் ரசீதுப் புத்தகமும் நம் கடைக்கு வருகின்றன. நாமும் இயன்றதைக் கொடுக்கிறோம். அது நல்ல காரியமே. ஆனால் அத்துடன் இன்னொரு வழக்கமும் சேர்ந்து வருகிறது. கொடுத்த பணத்துக்கு ஈடாகச் சரக்கின் பெயரைப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி வைக்கும் வழக்கம் அது. பனியனில் சின்னம், நோட்டுப் புத்தக அட்டையில் படம், பாட அட்டவணையில் பெயர், திடலில் பான வண்டி, கையில் இலவசச் சாம்பிள். இது ஆகுமா, ஆகாதா என்பதே இன்றைய பாடம். ஆகாது என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை வரிசையாக எழுதுகிறேன்.

1. பேரம் யாருடன்?

விளம்பரம் என்பது வியாபாரத்தின் முதற்பேச்சு. கடைக்கு வரும் பெரியவரிடம் "இது நல்ல அரிசி" என்றால், அவர் கையில் எடுத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அடுத்த கடையில் விலை விசாரிப்பார். நாம் விற்பதற்காகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆதலால் நம் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டே கேட்பார்.

பிள்ளைக்கு இந்தத் தள்ளுபடிக் கணக்குத் தெரியாது. ஏழெட்டு வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு, விளம்பரம் தம்மை வாங்கச் செய்வதற்கான பேச்சு என்பதே விளங்குவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தார் நியமித்த குழு 2004இல் அறிவித்தது. நாமும் கடையில் காண்கிறோம். பிள்ளையின் கை எட்டும் கீழ்த் தட்டில் வண்ணப் பொட்டலங்களை அடுக்கச் சொல்லும் சேல்ஸ்மேன் காரணமில்லாமல் சொல்வதில்லை.

மதரஸாவில் ஓதியவர்கள் கொடுக்கல் வாங்கல் பற்றிய பாடத்தை நினைவுக்குக் கொண்டுவரலாம். ஷாபிஈ மத்ஹபில் பருவமடையாத பிள்ளையின் வியாபார ஒப்பந்தம் செல்லாது. ஹனபி மத்ஹபில் விவரம் தெரிந்த பிள்ளைக்கு இடமுண்டு என்றாலும், அதற்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், வயது வந்தவரே ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவர் என்கிறது. அந்த வயது 18.

ஒரு சிறுவனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நாம் ஐந்து வெள்ளிச் சாமான் கடன் கொடுக்கமாட்டோம். அப்படியிருக்க, அந்தச் சிறுவனின் மனத்தோடு மட்டும் பேரம் பேசுவது எப்படி முறையாகும்? பேரம் பிள்ளையோடு, பணமோ தகப்பனாருடையது. நடுவில் இருப்பது பிள்ளையின் பிடிவாதமும் அழுகையும்.

2. பள்ளிக்கூடம் எத்தகைய இடம்?

கடையிலும் பிள்ளை ஆசைப்படுகிறதே, பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வேற்றுமை என்று கேட்கலாம். இரண்டு வேற்றுமைகள் உண்டு.

முதலாவது, கடையில் "வேண்டாம்" என்று சொல்லத் தாயோ தகப்பனோ பக்கத்தில் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் இல்லை. பிள்ளையும் அங்கே தன் விருப்பத்தால் வரவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2003 முதல் ஆரம்பக் கல்வி சட்டப்படி கட்டாயம். சட்டம் அழைத்து வந்து உட்கார வைத்த பிள்ளைகளிடம் சரக்கைக் காட்டுவது, வாசற்கதவைப் பூட்டிவிட்டு வாடிக்கையாளரிடம் விலை பேசுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஆசிரியர் சொல்வது உண்மை என்று பிள்ளை நம்புகிறது. கணக்கும் எழுத்தும் கிடைக்கும் அதே இடத்தில் ஒரு பானத்தின் பெயரும் கிடைத்தால், அதுவும் பாடத்தில் சேர்ந்தது என்றே எண்ணும். ஆசிரியரின் நன்மதிப்பைச் சரக்குக்கு இரவலாகக் கொடுத்தவர்களாவோம். அந்த மதிப்பு பெற்றோர் பள்ளியிடம் ஒப்படைத்த அமானிதம். அதை விற்கத் தலைமையாசிரியருக்கும் உரிமையில்லை. வாங்க நமக்கும் உரிமையில்லை.

3. பிற நாடுகளில் நடந்தது

அமெரிக்காவில் 1990இல் 'சானல் ஒன்' என்ற தொலைக்காட்சி ஏற்பாடு தொடங்கியது. பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் அலைவாங்கிக் கருவிகளும் இலவசம். அதற்கு ஈடாக, ஏறக்குறைய எல்லாப் பள்ளி நாட்களிலும் 12 நிமிஷ நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதில் 2 நிமிஷம் விளம்பரம். இரண்டு நிமிஷந்தானே என்று தோன்றும். பள்ளி ஆண்டுக்கு 180 நாட்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், விளம்பரம் மட்டும் 360 நிமிஷம், அதாவது ஆறு மணி நேரம். ஆண்டுக்கு ஒரு முழுப் பள்ளி நாளை விற்றாயிற்று! அந்த ஏற்பாடு 2018இல் முடிவுக்கு வந்தது.

இன்னொன்று கேளுங்கள். 1998 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்று, கொக்கோ கோலா பாட்டில் கம்பெனி அறிவித்த 500 டாலர் பரிசை நாடி, அந்தப் பானத்துக்கென ஒரு நாளைக் கொண்டாடியது. மாணவர்கள் பானத்தின் பெயரெழுத்து வடிவில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாணவர் பெப்ஸி பெயர் போட்ட சட்டையோடு நின்றார். பள்ளி அவரை ஒரு நாள் இடைநீக்கம் செய்தது. பள்ளியின் கட்டொழுங்கு எந்த அளவுக்கு ஒரு சரக்கின் ஏவலாளாக மாறிவிட்டது, பாருங்கள்.

மறுபுறம், கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை நோக்கிய வியாபார விளம்பரத்தை 1980 முதல் தடுத்துள்ளது. கம்பெனி ஒன்று வழக்காடியும், கனடா உச்ச நீதிமன்றம் 1989இல் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுப் பண்டங்களின் விளம்பரம் பள்ளி முதலிய பிள்ளைகள் கூடும் இடங்களில் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரை. 2014இல் ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷ அறிக்கையாளர் பரீதா ஷஹீத் இன்னும் ஒரு படி மேலே சென்று, அரசாங்கப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலும் எல்லா வியாபார விளம்பரத்தையும் தடுக்க வேண்டும் என்றார்.

இக்காலத்தில் விளம்பரம் சுவரில்தான் வரவேண்டும் என்பதில்லை. கைபேசியில் இலவசப் பாடச் செயலியாகவும் வரும். கொள்ளைநோய்க் காலத்தில் 49 நாட்டு அரசாங்கங்கள் பரிந்துரைத்த இணையப் பாடச் சாதனங்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஸ்தாபனம் ஆராய்ந்து, அவற்றுள் பெரும்பாலானவை பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டும் விதத்தில் இயங்கியதாக 2022இல் அறிவித்தது. இலவசமாக வந்த சரக்குக்கு எவர் விலை கொடுக்கிறார் என்று வியாபாரியாவது கேட்க வேண்டாமா?

4. இரண்டு ஆட்சேபங்கள்

"பள்ளிக்குப் பணத் தேவை இருக்கிறதே" என்பது ஓர் ஆட்சேபம். மெய்தான். மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் பல, பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகள். கட்டடத்துக்கும் பேருந்துக்கும் ஊரார் கையைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஆகையால் கொடுப்பதை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. ஈடு கேட்பதை நிறுத்தவே சொல்கிறேன். 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அது 1982 வரை நடந்தது. அதற்குச் சூட்டிய பெயர் உமறுப் புலவர் பெயர். ஒரு கடையின் பெயரோ சரக்கின் பெயரோ அல்ல. பிள்ளைகள் தினமும் உச்சரித்தது சீறாப்புராணம் பாடியவரின் பெயரை.

"நான் போடாவிட்டால் எதிர்க்கடைக்காரர் போட்டுவிடுவார்" என்பது மற்றோர் ஆட்சேபம். இதுதான் உண்மையான தடை. ஒருவர் மட்டும் விலகினால் அவருக்கு நஷ்டம் என்ற பயம் நியாயமானதே. எல்லாரும் சேர்ந்து விலகினால் யாருக்கும் நஷ்டமில்லை. சிங்கப்பூரில் 2017 ஆகஸ்டு 1 முதல் சிகரெட்டுப் பெட்டிகளைக் கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, எல்லாக் கடைக்கும் ஒரே விதியாக இருந்தது. சட்டத்துக்காகக் காத்திராமல் நாமே அப்படி ஒரு பொது விதி செய்துகொள்ளலாம். சங்கம் இருப்பது இதற்கன்றோ?

5. நாம் செய்யத்தக்கவை

(அ) நன்கொடையைப் பணமாகப் பள்ளி வாரியத்திடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ கொடுத்து ரசீது பெறுவோம். பலர் சேர்ந்து சங்கத்தின் பெயரால் கொடுப்பது இன்னும் நல்லது.

(ஆ) பெயர் போட விரும்பினால், ஆண்டு மலரில் "நல்வாழ்த்துகளுடன்" என்று கடையின் பெயர் மட்டும் போதும். சரக்குப் படமும் விலையும் வேண்டாம். கொடுத்தவர் யார் என்று பெற்றோர் அறிவது வேறு. எதை வாங்க வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்வது வேறு.

(இ) நோட்டுப் புத்தகம், பை, பனியன் வழங்கினால் அட்டையிலும் துணியிலும் பள்ளியின் பெயரே இருக்கட்டும்.

(ஈ) பரிசாகப் புத்தகமோ பேனாவோ கொடுப்போம். தின்பண்டம், பானத்தின் சாம்பிளும், கடையில் செலவழிக்க வேண்டிய கூப்பனும் வேண்டாம்.

(உ) கம்பெனி ஏஜெண்டு நம் மூலமாகப் பள்ளிக்குள் நுழைய வழி கேட்டால், "பெற்றோரிடம் பேசுங்கள்" என்று அனுப்பிவிடுவோம்.

(ஊ) பள்ளி வாரியத்தில் உள்ள நம்மவர்கள் இந்த விதிகளை எழுத்தில் வைத்துக்கொள்ளுமாறு எடுத்துச் சொல்லட்டும். எழுத்தில் இருந்தால் தலைமையாசிரியருக்கும் "இல்லை" என்று சொல்வது எளிது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேச மூன்று கேள்விகள்:

நம் ஊர்ப் பள்ளியில் இப்போது எந்தெந்தச் சரக்கின் பெயர் பிள்ளைகள் கண்ணில் படுகிறது?

அவற்றுள் நம் அங்கத்தினர் மூலமாகச் சென்றவை எவை?

அந்தப் பணத்தைச் சின்னம் இல்லாமல் கொடுக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

மூன்றாவது கேள்விக்குக் கை தூக்குவோரின் பெயர்களைக் காரியதரிசி எழுதிக்கொண்டால், அதுவே முதல் தீர்மானமாகும். இன்றைய பிள்ளை நாளைய வாடிக்கையாளர்தான். அவர் வளர்ந்து, சீர்தூக்கிப் பார்க்கும் வயதில், தாமாகவே நம் கடைப் படி ஏறட்டும். அதுவரை காத்திருக்கும் பொறுமை வியாபாரிக்கு வேண்டும்.