நினைவின் இயல்பு

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்த சிற்றூர் குரங்கணி. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் அம்மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் சிக்கினர். இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிர் இழந்தனர். இத்தகைய இடரினின்று பிழைத்தவருக்கு உடற்புண் ஆறினும் உள்ளத்துப் புண் எளிதில் ஆறுவதில்லை. தோட்டத்தில் கரும்புச் சோகை எரியும் புகையைக் கண்டாலும் நெஞ்சு படபடக்கலாம். ‘நான் மட்டும் பிழைத்தேனே’ என்ற எண்ணம் உறக்கத்தைக் கெடுக்கலாம்.

அந்நினைவு என்றும் மாறாததோ? நினைவைக் கல்லில் பொறித்த எழுத்தெனப் பலர் கருதுவர். அது பிழை. 1932-இல் இங்கிலாந்து நாட்டு உளநூல் அறிஞர் பார்ட்லெட், நினைவுகூர்தல் என்பது பழையதை எடுத்துப் பார்த்தல் அன்று, மீண்டும் கட்டுதலே என்று விளக்கினார்.

2000-ஆம் ஆண்டில் கரீம் நாதர் என்பாரும் அவர்தம் குழுவினரும் நியூயார்க்கில் எலிகளை ஆராய்ந்தனர். ஓர் ஒலியைக் கேட்டதும் மின்னதிர்ச்சி வருமென அஞ்சப் பழகியவை அவ்வெலிகள். அவ்வொலியை மீண்டும் கேட்பித்து, உடனே மூளையில் புதிய புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியபோது அச்சம் பெரிதும் குறைந்தது. ஒலியைக் கேளாமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளோ முன்போலவே அஞ்சின. எழுப்பப்பட்ட நினைவு சிறிது நேரம் இளகிப் பின்னர் இறுகுகின்றது என்பது இதனால் பெறப்பட்டது. மருந்தின்றியே மனிதரிடம் இதனைக் காட்டியதாக 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது; பின்வந்த ஆய்வுகள் சில அம்முடிவைத் தரவில்லை. ஆதலின் இதனைக் கைகண்ட மருந்தெனக் கொள்ளுதல் இப்போது பொருந்தாது.

எனினும், பயிற்சி பெற்ற உளநல மருத்துவர் முன்னிலையில் நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லும் முறை பலருக்குப் பயன் தந்துள்ளது. முதலில் தீயும் புகையுமே நாவில் வரும். நாளடைவில், தேடி வந்தோரின் குரலும் தாங்கிப் பிடித்த கைகளும் நினைவில் எழும். குரங்கணியில் ஊர்மக்களும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர் அன்றோ? தீ மூண்டது தம் குற்றம் அன்று என்னும் தெளிவும் அந்நினைவோடு சேரும். மேற்கே ஓடிய பெரியாற்று நீர், 1895-இல் முடிந்த அணையாலும் மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை அடைகின்றது. நீர் அதே நீர்தான், வழியே வேறு.

நடவாத ஒன்றை நினைவிற் புகுத்துதல் இதனின் வேறானது, அதுவும் அரிதன்று. சிறு வயதில் அங்காடியில் வழி தவறியதாக ஒரு பொய்க் கதையை எலிசபெத் லாப்டசும் அவர்தம் துணைவரும் 24 பேருக்குக் கூறினர். ஏறத்தாழக் கால் பங்கினர் முழுமையாகவோ ஓரளவோ அது நினைவிருப்பதாகக் கூறினர். 1995-இல் வெளிவந்த அவ்வாய்வை அறிந்த மருத்துவர், தாமாக எதனையும் சொல்லிக் கொடாமல், பிழைத்தவர் கூறுவதையே பொறுமையோடு கேட்கின்றனர்.