கசிதலும் சொட்டுதலும் ஒழுகுதலும்

தில்லி, ஜெய்ப்பூர் போன்ற நகரங்களில் மார்கழிக் குளிரில் வெந்நீர் இன்றிக் குளிப்பது எளிதன்று. குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் அங்கு இன்றியமையாத பொருள். தமிழில் அதனை வெந்நீர்க்கலன் எனலாம். அதன் அடியில் ஈரம் தென்பட்டால் ‘லீக் ஆகிறது’ என்று பலரும் ஒரே தொடரில் முடித்துவிடுகின்றனர். தமிழிலோ இதற்கு மூன்று சொற்கள் உள்ளன. நீர் மெல்ல ஊறி வெளிப்படுவது கசிதல். துளித்துளியாக விழுவது சொட்டுதல். இடைவிடாது வழிவது ஒழுகுதல். கண் கசிகிறது, வியர்வை சொட்டுகிறது, மழையில் கூரை ஒழுகுகிறது என்னும் வழக்குகளை நோக்குக.

சொல்லைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வீட்டுக் கீசர் பெரும்பாலும் 2000 வாட் திறன் உடையது. கசியும் நீர் மின்கம்பி இணையும் இடத்தை அடைந்தால் கலனின் உலோகப் பகுதியிலும் குழாய் நீரிலும் மின்சாரம் பாயக்கூடும். இதனையும் தமிழ் ‘மின்கசிவு’ என்றே வழங்குகிறது! 30 மில்லிஆம்பியர் அளவு மின்கசிவு ஏற்பட்டாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி பல வீடுகளில் உண்டு. அது துண்டித்தபின் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது தவறு. ஈரக் கையால் சுவிட்சைத் தொடுதல் கூடாது. சுவிட்சே நனைந்திருந்தால் முதன்மைச் சுவிட்சை வீட்டிலுள்ள பெரியவர் நிறுத்த வேண்டும். அதன்பின் கலனுக்குத் தண்ணீர் வரும் குழாயை மூடிவிடலாம். உள்ளிருக்கும் நீர் நெடுநேரம் கொதிப்பாகவே இருக்கும் என்பதை மறத்தலாகாது.

இனி, நீர் எங்கிருந்து வருகிறது என்று காண வேண்டும். இணைப்புக் குழாயின் முனையில் சொட்டினால் வாஷரை மாற்றுவதே போதுமானதாக இருக்கும். பாதுகாப்பு வால்விலிருந்து, நீர் சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது பழுதே அன்று. சூடேறும் நீர் விரிவடைகிறது. 15 செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள 25 லிட்டர் நீர் 65 செல்சியஸை எட்டும்போது ஏறத்தாழ அரை லிட்டர் மிகுகிறது. மிகும் அழுத்தத்தை வால்வு வெளியேற்றுகிறது. சொட்டுவது தொல்லை என்று அதன் வாயை அடைத்துவிடுவோரும் உளர். அதனினும் பேதைமை வேறில்லை. வழியற்ற அழுத்தத்தால் கலன் வெடிக்கவும் கூடும். ஆனால், மின்சாரத்தை நிறுத்திக் கலன் ஆறிய பின்னும் அவ்வால்வு ஒழுகினால் அதனைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

ஓசையின்றிக் கலனின் உடலிலிருந்தே கசியும் நீர்தான் கவலைக்குரியது, அதிலும் துருநிறம் கலந்திருந்தால். எஃகுக் கலன்கள் பலவற்றினுள் மெக்னீசியக் கோல் ஒன்று உண்டு. அது தான் அரிபட்டு எஃகைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில் அக்கோல் விரைந்து தேய்கிறது. உரிய காலத்தில் மாற்றாவிட்டால் துரு கலனைத் துளைக்கும். துளைபட்ட கலனை ஒட்டியோ பற்றவைத்தோ பயன்படுத்துதல் தகாது; புதியது வாங்குவதே வழி.

பழுதுபார்ப்பவரிடம் தொலைபேசியில் ‘கீசர் கெட்டுவிட்டது’ என்பதைவிட, ‘சூடாகும்போது மட்டும் வால்வில் சொட்டுகிறது’ என்றோ, ‘கலனின் அடிப்பக்கத்தில் துருநீர் கசிகிறது’ என்றோ சொன்னால், அவர் உரிய பொருள்களோடு வருவார்.

பயிற்சி

1. கசி, சொட்டு, ஒழுகு ஆகியவற்றுள் பொருத்தமானதைக் கொண்டு நிரப்புக: மண்பானையின் புறத்தே நீர் __________. ஓட்டை வாளியிலிருந்து நீர் __________. நனைந்த குடையின் நுனியில் நீர் __________.

2. பாதுகாப்பு வால்வின் வாயை ஏன் அடைத்தல் கூடாது?

3. உங்கள் வீட்டுக் கீசருக்கு வரும் தண்ணீரை எங்கு மூடுவது, அதன் மின்சாரத்தை எங்கு நிறுத்துவது எனப் பெரியவர் ஒருவருடன் பார்த்து, நான்கு வரிகளில் எழுதுக.