சுற்றுப்பலகையை வீட்டிற் செதுக்கல்: உபகரணத் தெரிவு

செப்புப் படையுள்ள பலகையிலிருந்து தேவையற்ற செம்பை அகற்றி, மின் செல்லும் பாதைகளை மட்டும் எஞ்சவிடுவதே அச்சிட்ட சுற்றுப்பலகை தயாரித்தலின் அடிப்படையாகும். இதனைப் பெரிக் குளோரைட்டுக் கரைசலால் அரித்துச் செய்யலாம். கணினியாற் கட்டுப்படுத்தப்படும் சிறிய செதுக்கற் பொறியாலும் செய்யலாம். இரண்டாம் முறையில் கழிவுக் கரைசல் உண்டாவதில்லை. எனினும், உபகரணத் தெரிவு பிழைத்தால் பலகையும் அலகும் வீணாகும்.

1. பலகை
வழக்கமான பலகையின் தடிப்பு 1.6 மி.மீ.; செப்புப் படையின் தடிப்பு 0.035 மி.மீ. கண்ணாடி நார்ப் பலகை உறுதியானது. ஆனால் அலகை விரைவில் மழுங்கச் செய்யும். கடதாசி-பினோலிக்குப் பலகை மென்மையானது, பயில்வோருக்கு ஏற்றது. எனினும், பற்றாசு பிடிக்கும்போது அதிக நேரம் சூடாக்கினால் செம்பு கழன்றுவிடும்.

2. செதுக்கும் அலகு
தங்குதன் காபைட்டாலான கூம்பு நுனி அலகைத் தெரிவுசெய்க.

சாலின் அகலம் = நுனி அகலம் + 2 × ஆழம் × தான்சன் (நுனிக் கோணத்தின் அரைவாசி)

உதாரணம்: நுனி அகலம் 0.1 மி.மீ., ஆழம் 0.1 மி.மீ. எனின்,
30° அலகு: 0.1 + 0.2 × 0.268 = 0.15 மி.மீ. (அண்ணளவாக)
60° அலகு: 0.1 + 0.2 × 0.577 = 0.22 மி.மீ. (அண்ணளவாக)

எனவே நெருக்கமான பாதைகளுக்கு 30° அலகே பொருத்தமானது.

3. துளையிடும் அலகு
துளை, கூறின் காலைவிடச் சற்றுப் பெரிதாக இருத்தல் வேண்டும். ஒருங்கிணைந்த சுற்றுக்களுக்கும் சிறிய தடையிகளுக்கும் 0.8 மி.மீ., தடித்த கால்களுக்கு 1.0 மி.மீ. பொதுவாகப் போதுமானது. காபைட்டு அலகு நொறுங்குமியல்புடையது. பக்கவாட்டு விசையால் முறிந்துவிடும்.

4. பொருத்துதல்
தட்டையான மரப்பலகையை அடியில் வைத்து, இருபக்கம் ஒட்டும் நாடாவாற் பொருத்துக. வெட்டும் ஆழம் 0.1 மி.மீ. ஆகவும் பலகையின் ஒரு மூலை 0.1 மி.மீ. தாழ்ந்தும் இருந்தால், அங்கு செம்பு வெட்டப்படாது, பாதைகள் குறுஞ்சுற்றாகும்.

5. பாதுகாப்பு
கண்ணாடி நார்த் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. தூசு தடுக்கும் முகமூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிக. தூசை ஊதாது ஈரத்துணியால் துடைக்குக.

பயிற்சி
மேலுள்ள 30° அலகால் 0.2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டினால் சாலின் அகலம் யாது?
விடை: 0.1 + 0.4 × 0.268 = 0.21 மி.மீ. (அண்ணளவாக)