வரைபடத்துள் வரைபடம்: மேத்தன் மணியைக் கொண்டு ஒரு விளக்கம்

கணிப்பொறி விளையாட்டுகளை இயற்றுவதற்குரிய மென்பொருள் தொகுதியை விளையாட்டு எஞ்சின் என்பர். யூனிட்டி, அன்ரியல் என்பன இவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றில் எழுத்து வடிவிலான நிரலை எழுதாமலே, கட்டளைகளைப் பெட்டிகளாக வரைந்து, பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து ஒரு செயலை நடத்துவிக்கலாம். இம்முறைக்குக் காட்சிவழி நிரலாக்கம் என்று பெயர். பெட்டிகளும் கோடுகளும் சேர்ந்த முழுமையை வரைபடம் என்கிறோம். ஒரு வரைபடத்தை மற்றொரு வரைபடத்தினுள் ஒரே பெட்டியாக வைத்து, அதனையே பல இடங்களிலும் உபயோகிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இக்கருத்து புதியதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணிப்பொறியில், அடிக்கடி தேவைப்படும் கணக்கீடுகளைத் துணைநிரல்களாக எழுதித் துளையிட்ட தாள்நாடாக்களில் சேமித்து வைத்தனர். வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நூல் அம்முறையை உலகறியச் செய்தது. ஆயினும் அங்கே துணைநிரலின் நாடாவிலிருந்து படியெடுத்து நிரலின் நாடாவில் சேர்த்தல் வேண்டும். படியெடுத்த பின்னர் மூலத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்படுமாயின், முன்னெடுத்த படிகள் தாமாகத் திருந்தா. இன்றைய மாணவனும் முதலில் எதிர்ப்படுவது இதே இடர்ப்பாட்டைத்தான்.

கேரள அரசின் கைட் நிறுவனம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017-இல் இந்நிறுவனமாக உருப்பெற்றது. அது 2018-இல் பள்ளிகளில் அமைத்த லிட்டில் கைட்ஸ் மன்றங்களில், கட்டைகளை அடுக்கி நிரல் அமைக்கும் ஸ்கிராச் மென்பொருளும் கற்பிக்கப்படுகின்றது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்த ஸ்கிராச், 2013-இல் வெளியான தன் இரண்டாம் பதிப்பிலிருந்து மாணவர் தாமே புதுக்கட்டை வனைந்துகொள்ள இடமளித்தது. ஆனால் ஒரு பாத்திரத்துக்கென வனைந்த கட்டையை மற்றொரு பாத்திரம் காணாது. இழுத்துச் சென்று அங்கே விட்டால் புதிய படியொன்று உண்டாகும். அன்று முதல் அவ்விரண்டுக்கும் தொடர்பு இல்லை. எட்டுப் பாத்திரங்கள் இருப்பின் ஒரே பிழையை எட்டு முறை திருத்த வேண்டும். ஏழு இடங்களில் திருத்தி எட்டாவதை மறந்துவிட்டு, பிழை எங்கே என்று மாலை முழுதும் தேடுவது மாணவர்க்கு இயல்பாகவே நேர்வதொன்று.

யூனிட்டி எஞ்சினில் நிலைமை வேறு. போல்ட் என்ற பெயரில் தனியே விற்பனையான காட்சிவழிக் கருவியை யூனிட்டி நிறுவனம் 2020-இல் வாங்கிற்று. 2021-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது எஞ்சினுடன் இணைந்தே வருகின்றது. இதில் உள்ளே வைக்கப்படும் வரைபடத்தை உட்படம் எனக் குறிப்போம். உட்படத்தின் உள்ளே நுழைவுப் பெட்டி ஒன்றும் வெளியேற்றப் பெட்டி ஒன்றும் அமையும். இவற்றில் வரையறுக்கப்படும் வாயில்கள் இரு வகையின. 'இப்போது செய்' எனும் ஏவலைக் கடத்துவது ஏவல் வாயில். எண், சொல், பொருள் முதலியவற்றைக் கடத்துவது மதிப்பு வாயில். வெளியிலிருந்து காண்போருக்கு உட்படம் இவ்வாயில்களையுடைய ஒரு தனிப்பெட்டியாகவே தோன்றும்.

ஓர் உதாரணம் காண்போம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட மேத்தன் மணி என்னும் கடிகாரம் உண்டு. அதன்மேல் தாடியுடன் கூடிய மனித முகம். மணிதோறும் அம்முகம் வாய் திறக்க, இருபுறத்தும் உள்ள ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து கன்னங்களில் முட்டும். இதனை யூனிட்டியில் மாதிரியாகச் செய்ய விரும்பும் மாணவன், இடக்கடா, வலக்கடா, கீழ்த்தாடை என மூன்று அசைவுகளையும் தனித்தனியே வரைய முற்படுவான். சற்று நோக்கின் மூன்றும் ஒன்றே: ஒரு பொருள் குறித்த தூரம் செல்கின்றது, குறித்த காலம் நிற்கின்றது, பழைய இடத்துக்கு மீள்கின்றது.

ஆகவே 'சென்று மீளல்' என்று ஓர் உட்படம் வரைக. 'தொடங்கு' என்னும் ஏவல் வாயில். 'பொருள்', 'திசையுடன் கூடிய தூரம்', 'காலம்' என்னும் மதிப்பு வாயில்கள். முடிவில் 'முடிந்தது' என்னும் ஏவல் வாயில். இடக்கடாவுக்கு வலப்புறமாகவும், வலக்கடாவுக்கு இடப்புறமாகவும், தாடைக்குக் கீழ்நோக்கியும் தூரத்தைக் கொடுத்தால் ஒரே உட்படம் மூவர்க்கும் போதும். முதல் வரைவில் கடா ஒரே தாவலில் இடம் மாறும். அது பார்க்க அழகாய் இராது. பின்னர் உட்படத்தைத் திறந்து, சிறிது சிறிதாக நகருமாறு மாற்றினால், மூன்று இடங்களிலும் அம்மாற்றம் உடனே விளங்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உட்படத்தைத் தனிக்கோப்பாகச் சேமித்திருத்தல் வேண்டும். வரைபடத்திலேயே பதித்து வைப்பதற்கும் யூனிட்டி இடமளிக்கின்றது. ஆனால் பதித்ததைப் படியெடுத்தால் ஸ்கிராச்சில் கண்ட அதே தொல்லை திரும்பி வரும். ஓரிடத்துக்கு மட்டும் உரியதைப் பதிக்கலாம். இரண்டாம் முறை தேவைப்படும் கணமே அதனைக் கோப்பாக்குவது நன்று.

இனி, அனுபவமற்றோரை மயங்கச் செய்யும் ஒரு நுட்பம். 'சென்று மீளல்' உட்படத்தில் காத்திருக்கும் பெட்டி ஒன்று உள்ளது. காத்திருத்தல் நிகழ வேண்டுமாயின், வெளி வரைபடத்தில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் நிகழ்ச்சிப் பெட்டியில் கோரூட்டீன் என்னும் குறியை இட்டிருத்தல் வேண்டும். இடாவிடில் ஓட்டத்தின்போது பிழைச்செய்தி வரும். உட்படத்தைத் திறவாமல் வெளியே மட்டும் பார்ப்பவருக்கு இதன் காரணம் புலப்படாது. உள்ளிருப்பதை மறைப்பதே உட்படத்தின் பயன். மறைந்திருப்பதே சில வேளைகளில் அதன் தீங்குமாகும். இத்தகைய நிபந்தனைகளை உட்படத்தின் குறிப்புரையில் எழுதிவைப்பதில் சோம்பல் கூடாது.

குறியை இட்டபின் மற்றொரு விந்தை. இரு கடாக்களுக்கும் உரிய உட்படங்களை வரிசைப் பெட்டி ஒன்றின் இரு வெளிவாயில்களில் இணைத்தால், இடக்கடா முட்டி மீண்ட பிறகே வலக்கடா புறப்படும். வரிசைப் பெட்டியானது முதல் கிளை முடியும்வரை காத்திருப்பதே காரணம். கிழக்கேகோட்டைக் கடாக்களோ ஒருங்கே முட்டுவன. இதற்குப் பரிகாரம், ஒவ்வொரு கடாவுக்கும் தனி இயக்கி கொடுத்து, இரண்டிலும் ஒரே வரைபடக் கோப்பைப் பொருத்தி, 'மணியாயிற்று' என்னும் செய்தியை இரண்டுக்கும் அடுத்தடுத்து அனுப்புவதாகும். செய்தி பெற்ற இரண்டும் தத்தம் போக்கில் ஒரே சமயத்தில் ஓடும். அக்கோப்பினுள் 'சென்று மீளல்' உட்படமாகவே இருக்கும். தாடைக்கும் அவ்வாறே. ஒன்றனுள் ஒன்றாக அடுக்குவது எல்லா வேளைக்கும் மருந்தன்று என்பது இதனால் விளங்கும்.

மாறிகளைப் பற்றியும் ஒரு சொல். வரைபட மாறி என்பது உட்படம் வைக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாய் அமையும். இடக்கடா எத்தனை முறை முட்டிற்று என்ற கணக்கு வலக்கடாவின் கணக்கோடு கலவாது. பொருள் மாறி, காட்சி மாறி ஆகியவை அங்ஙனம் அல்ல. அவை வெளியே இருப்பவை. உட்படம் அவற்றைத் தானே தேடிப் படிக்குமாயின், அம்மாறி இல்லாத வேறொரு விளையாட்டில் அது இயங்காது. வேண்டுவதை மதிப்பு வாயில் வழியே கேட்டுப் பெறும் உட்படமே எங்கும் செல்லத்தக்கது. (அன்ரியல் எஞ்சினின் புளூபிரிண்ட் முறையில் மேக்ரோ, ஃபங்ஷன் என இரு வடிவங்கள் உள்ளன, காத்திருக்கும் பெட்டியை ஃபங்ஷனில் வைக்க இயலாது, மேக்ரோவில் வைக்கலாம். ஆங்கே விதியை எஞ்சினே கட்டாயமாக்குகின்றது.)

தமிழ்வழி மாணவர்க்கு முக்கியமானது ஒன்று எஞ்சியுள்ளது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டாதலால், ஆங்கிலத்தில் அமைந்த உட்படங்களைத் தமிழாக்கும் தேவை எழும். யூனிட்டியில் ஒவ்வொரு வாயிலுக்கும் கீ, லேபிள் என இரு பெயர்கள் உள்ளன. லேபிள் மனிதர் படிப்பதற்கு. கீ எஞ்சின் அடையாளம் காண்பதற்கு. கோடுகள் பற்றி நிற்பது கீயையே. லேபிளையும் குறிப்புரையையும் எத்தனை முறை தமிழாக்கினும் ஒரு கோடும் அசையாது. கீயில் ஓர் எழுத்தை மாற்றினாலும், அவ்வுட்படம் வைக்கப்பட்ட எல்லா வரைபடங்களிலும் அவ்வாயிலுக்குரிய இணைப்புகள் அறுந்துவிடும். நம் உதாரணத்தில் 'காலம்' என்ற வாயிலின் கீயை மொழிபெயர்ப்பாளர் மாற்றியிருப்பின், இரு கடாக்களும் தாடையும் ஒருங்கே பழுதாகும். எனவே மொழிபெயர்ப்பாளர் லேபிளோடு நின்றுவிட வேண்டும். புதிதாக உட்படம் வரையும் மாணவரோ, முதல் கோட்டை இழுப்பதற்கு முன்னரே கீயைத் தீர்மானித்துக்கொள்வது நலம். அதனைத் தமிழிலேயே வைக்கலாம், வைத்தபின் மாற்றலாகாது.