கரண்ட் வந்தது, சேர்வர் எழும்பவில்லை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து மக்கள் சாமான் வாங்கப் பதுளை டவுனுக்கு வரும் நாள். முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. மணித்தியாலங்கள் கழித்துக் கரண்ட் வந்தும் எமது மொத்தக் கடையின் சேர்வர் எழும்பவில்லை. பூட் ஆக டிஸ்க் இல்லை என்று திரையில் ஒரே வரி. பசறை, லுணுகலைத் தோட்டக் கடைகளுக்குக் கொடுத்த கடன் கணக்கு முழுதும் அதை நம்பித்தான் இருந்தது.

எமது சேர்வர் ஒன்றுதான். பில், ஸ்டொக், கணக்கு மூன்றும் அதில் தனித்தனி மெய்நிகர் கணினிகளாக ஓடுகின்றன. அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. பக்கத்திலுள்ள ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து நெட்வேர்க் கேபிள் வழியாக, ஐ-ஸ்கசி என்ற முறையில் பூட் ஆகிறது.

“நானா, திரும்ப இன்ஸ்டோல் பண்ணுவோமா?” என்றார் உதவிக்கு வந்த தம்பி. நான் மறுத்துவிட்டேன். சம்மதித்திருந்தால் கடன் கணக்கே அழிந்திருக்கலாம்.

டிஸ்க் பழுதாகவில்லை. கரண்ட் வந்ததும் சேர்வர் முந்திக்கொண்டது. ஸ்டோரேஜ் தயாராகச் சில நிமிடங்கள் வேண்டும். சேர்வர் தேடிய நேரத்தில் பெட்டி பதில் சொல்லவில்லை. ஸ்டோரேஜ் முழுதாக எழும்பிய பின் சேர்வரை மீண்டும் ஓன் செய்தோம், எல்லாம் வந்தது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஸ்டோரேஜ், சுவிட்ச் இரண்டும் தயாரா? கேபிள் விளக்கு எரிகிறதா?

2. சேர்வரின் நெட்வேர்க் கார்ட் அமைப்பில் ஸ்டோரேஜின் ஐபி முகவரி, 3260 என்ற போர்ட் எண், பெயர், கடவுச்சொல் ஆகியன சரியா? பெயரில் ஓரெழுத்துப் பிசகினாலும் இணைப்புக் கிடைக்காது.

3. இணைப்புக் கிடைத்தும் டிஸ்க் தெரியாவிட்டால், அந்தச் சேர்வரின் பெயருக்கு ஸ்டோரேஜில் அனுமதி இருக்கிறதா? கார்ட் மாற்றிய பின் அந்தப் பெயர் மாறியிருக்கலாம்.

4. சில சுவிட்சுகள் புதிய இணைப்பை அரை நிமிடம் வரை நிறுத்திவைக்கும். சேர்வர் போர்ட்டுக்கு அந்தத் தாமதத்தை நீக்கச் சொல்லுங்கள்.

ஓன் செய்யும்போது முதலில் சுவிட்ச், பிறகு ஸ்டோரேஜ், கடைசியில் சேர்வர். ஓஃப் செய்யும்போது இதற்கு நேர்மாறு. இதை எழுதிப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். மூன்றையும் யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறோம். கரண்ட் வந்ததும் சேர்வர் தானாக எழும்பும் வசதியையும் நிறுத்திவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே சேர்வர் உள்ள கடைக்கு நெட்வேர்க் பூட் அவசியமில்லை. உள்ளே சிறிய டிஸ்க் இரண்டு போட்டு அதிலிருந்து பூட் செய்வதே சுலபம். எப்படியிருந்தாலும் கணக்கின் பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். கடன் கொப்பியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா?