எழுத்தட்டையும் கண்ணின் அளவும்

கண் மருத்துவரிடம் செல்வோர் ஆறு மீட்டர் தொலைவில் தொங்கும் எழுத்தட்டையைப் படித்திருப்பர். அது கண்ணின் கூர்மையை அளப்பதாகவே நாம் கருதுகிறோம். ஆயின் கிடைக்கும் அளவு கண்ணை மட்டும் பொறுத்ததன்று. காட்டப்படும் எழுத்தின் அமைப்பையும் பொறுத்தது. சிறார் உள்ள இல்லத்தார் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வாழ்ந்த கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் தம் எழுத்தட்டையை வெளியிட்டார். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை எனப்படும். 6/6 வரிசையின் எழுத்து, ஆறு மீட்டர் தொலைவில் ஐந்து கலைக் கோணம் கொள்ளும். உயரம் ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர். கணக்கில் பிழையில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. மேலே ஒரே எழுத்து. கீழே செல்லச் செல்லப் பல எழுத்துகள் நெருங்கி நிற்கும். ஆங்கில 'எல்' எளிதில் புலப்படும். 'பி', 'எஸ்' ஆகியன மயக்கும். எனவே வரிசைதோறும் எழுத்தின் அளவு மட்டுமன்றிச் சோதனையின் கடுமையும் மாறுகிறது.

இந்நெருக்கத்தைச் சிறு செய்தியெனத் தள்ளுதல் கூடாது. 'சோம்பல் கண்' எனும் குறையுடைய குழந்தை, தனித்து நிற்கும் எழுத்தை நன்கு படித்துவிடக்கூடும். அதே அளவுள்ள எழுத்தை மற்ற எழுத்துகளுக்கிடையே வைத்தால் தடுமாறும். தனி எழுத்துகளையே காட்டிச் சோதித்தால் கண் நலமென்று முடிவு செய்யப்படலாம். நல்ல கண்ணை மறைத்துக் குறைக்கண்ணைப் பழக்கும் மருத்துவமோ இளமையிலேயே மிகுந்த பயன் தருவது. தவறான அளவினால் வீணாவன அவ்விளமை ஆண்டுகளே. தனி எழுத்தைச் சுற்றிக் கோடுகளிட்டு நெருக்கத்தை உண்டாக்கும் முறை இதன்பொருட்டே கையாளப்படுகிறது.

ஆஸ்திரேலியாவின் பெய்லி, லவி என்போர் 1976-இல் புதிய அட்டையொன்றை வகுத்தனர். வரிசைக்கு ஐந்தெழுத்து, எழுத்துகளின் இடையே ஓர் எழுத்தின் அகலம், ஒவ்வொரு வரிசையும் முன்னதினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறிது. இதில் மாறுவது அளவு ஒன்றே.

எழுத்தறியாச் சிறார்க்கு, ஓரிடத்தில் பிளவுடைய லண்டோல்ட் வளையம் உண்டு. பிளவு எத்திசையில் என்று காட்டினால் போதும். நான்கே திசைகளாயின், பாராமலே சொல்லினும் நான்கிலொன்று சரியாகும்! ஆதலின் ஒருமுறை சரியாகச் சொன்னதைக் கொண்டு அளவு கூறுதல் இயலாது.

இன்னொன்று. வலக்கண்ணால் படித்ததை மனனம் செய்து இடக்கண்ணுக்கும் ஒப்புவிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம் இல்லங்களில் குறைவோ? மறு கண்ணைச் சோதிக்குமுன் எழுத்துகளை மாற்றிக் காட்டுமாறு பெற்றோர் தயங்காது கேட்கலாம்.