சமவாய்ப்பு எண்களும் இரகசியத் திறவுகோலும்

செய்தியைச் சங்கேதமாக்கும் முறை எத்துணைச் சிறந்ததாயினும், அதன் திறவுகோலாகிய எண்ணைப் பிறர் ஊகித்துவிட்டால் பயனில்லை. 2006-இல் டெபியன் என்னும் கணிப்பொறி அமைப்பில் நிரலின் சிறு பகுதியொன்றை நீக்கினர். விளைவு? ஒரே வகைக் கணிப்பொறியில், ஒரே அளவுள்ள திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768 மட்டுமே பிறந்தன. அத்தனையையும் பட்டியலிட்டே பூட்டைத் திறந்துவிடலாம்! 2008-இல்தான் இது வெளிப்பட்டது.

கணிப்பொறி விதிவழி இயங்குவது. ஒரே தொடக்கத்திற்கு ஒரே எண்களையே தரும். எனவே இயற்கையை நாடவேண்டியுள்ளது. மின்தடையில் எலெக்ட்ரான்களின் வெப்ப அசைவால் எழும் இரைச்சலை அளந்து 0, 1 என மாற்றுவது ஒரு வழி.

ஆனால் கருவி 1-ஐ 60 விழுக்காடு தருமானால் என் செய்வது? 1951-இல் ஜான் வான் நியூமன் கூறிய வழி மிக எளிது, அழகானதும்கூட. இலக்கங்களை இரண்டிரண்டாக எடுத்துக்கொள்க. 00, 11 வந்தால் தள்ளிவிடுக. 01 வந்தால் 0 எனவும், 10 வந்தால் 1 எனவும் கொள்க. முன்னதன் நிகழ்தகவு 0.4 × 0.6; பின்னதன் நிகழ்தகவு 0.6 × 0.4. இரண்டும் 0.24! சாய்வு அகன்றுவிட்டது. நூறு இணைகளில் சராசரியாக 52 வீணாவது இதற்கு நாம் தரும் விலை. எனினும், ஓர் இலக்கம் அடுத்ததைப் பாதிக்குமாயின் இக்கணக்குப் பொருந்தாது.